படுக்கையைச் சுமந்த நால்வர்



கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்தனர். வாசலில் பெருங்கூட்டம். எனவே கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவரை இயேசுவின் முன் இறக்கினர் (மாற்கு 2:1-12). இயேசு அந்த நால்வரின் நம்பிக்கையைக் கண்டார் என்கிறார் நற்செய்தியாளர். நடக்க முடியாதவருக்காக நடப்பதும் நம்பிக்கையே.

வறுமையும் நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. காசநோயையே எடுத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆனால் கூலி வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் சோறில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டும். காய்ச்சல் தணிந்ததும் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். அப்போது நோய் திரும்பும். மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறக்கூடும்.

ஒருமுறை, திருப்பலி முடிந்ததும் மருந்துச் சீட்டோடு வந்த ஒருவருக்குப் பணம் கொடுத்து அனுப்பினேன். என் கடமை முடிந்தது என நினைத்தேன். மூன்றாம் மாதத்தில் அவர் மாத்திரையை நிறுத்தி, மீண்டும் படுத்த பிறகுதான் அவர் வீட்டு வாசலை மிதித்தேன். பணத்தோடு ஆளும் போகவேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

ஒவ்வோர் அன்பியத்திலும் நால்வர் இப்பணியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

1. உடன் செல்பவர்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழக்கமான காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதம். மாத்திரை தீருமுன் அடுத்ததை வாங்க நினைவூட்டுங்கள்.

2. சான்றுகளைக் கவனிப்பவர்: காசநோயாளியின் சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்த மத்திய அரசு, 2024 நவம்பரில் அதை 1000 ரூபாயாக உயர்த்தியது. இது வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்கில்லாதவருக்குத் தொடங்கிக் கொடுங்கள். அறுவை சிகிச்சை போன்ற பெருஞ்செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுகளை முன்னதாகவே தயார் செய்யுங்கள்.

3. அடுப்பைக் கவனிப்பவர்: அரிசியோடு முட்டை, பயறு, பால் கொடுங்கள். வாடகை, பிள்ளைகளின் படிப்பு, வட்டிக் கடன் பற்றியும் விசாரியுங்கள்.

4. அருகில் அமர்பவர்: தட்டு, துணி வழியாகக் காசநோய் பரவாது; இருமும்போது காற்றில் பரவும். முறையாக மருந்து எடுத்தால் சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறையும். எனவே அவரை ஒதுக்காதீர்கள். அவரது நோயை ஊரில் பேசாதீர்கள். நோயில்பூசுதல் மரணத் தறுவாய்க்கு மட்டுமான அருட்சாதனமல்ல. அவர் விரும்பினால் பங்குத்தந்தையை அழையுங்கள்.

நோயுற்றிருக்கும் சகோதரரே, சகோதரியே, உதவி கேட்பது அவமானமல்ல. அந்த முடக்குவாதமுற்றவரும் பிறர் தம்மைச் சுமக்க இசைந்தார். தமிழகத்தில் மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழையுங்கள்.

புனித இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்திய உலக நோயாளர் தினத்தைப் பிப்ரவரி 11 அன்று கொண்டாடுகிறோம். அது ஆண்டில் ஒரு நாள். மாத்திரையோ ஆறு மாதமும் தினந்தோறும். அத்தனை நாளும் உடனிருக்க இறைவன் நமக்கு அருள்தருவாராக. ஆமென்.