சுமியோஷி வரிசை வீடு

சுமியோஷி வரிசை வீடு என்பது, ஜப்பான் நாட்டின் ஒசாகா நகரில், சுமியோஷி வட்டாரத்தில் அமைந்துள்ள, இரண்டு தளங்களைக் கொண்ட சிறிய தனியார் வீடு ஆகும். இது அசுமா வீடு எனவும் அழைக்கப்படுகின்றது. கட்டிடக்கலைஞர் தடாவோ அண்டோ வடிவமைத்த இவ்வீடு 1976 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. ஒடுங்கிய நகர நிலத்தில் முற்றத்துடன் கூடிய வீட்டை அமைப்பதற்கு எடுத்துக்காட்டாகக் கட்டிடக்கலை நூல்களில் இது அடிக்கடி குறிப்பிடப்படுவது உண்டு.

பின்னணி

ஒசாகாவின் பழைய குடியிருப்புப் பகுதிகளில், ஒன்றோடொன்று ஒட்டியபடி கட்டப்பட்ட மர வீடுகள் பல இருந்தன. இவை ஜப்பானிய மொழியில் நகயா எனப்படுகின்றன. இவ்வாறான மூன்று வீடுகளில் நடுவில் இருந்ததை மட்டும் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் காங்கிறீட்டால் ஆன புதிய வீடு கட்டப்பட்டது. இருபுறத்து அயல் வீடுகளுக்கும் சேதம் ஏற்படாமல் வேலை செய்ய வேண்டியிருந்ததுடன், செலவுக்கான பணமும் குறைவாகவே இருந்தது.

இத்தகைய நிலத்துண்டுகளின் முதன்மையான சிக்கல் வெளிச்சமும் காற்றோட்டமும் ஆகும். பக்கச் சுவர்களில் சாளரம் வைக்க முடியாது. எனவே வீட்டின் நடுப்பகுதி இருண்டுவிடும். கியோட்டோவின் மரபுவழி நகர வீடுகளும், முகப்பு ஒடுங்கியும் உட்புறம் நீண்டும் இருப்பதனால், விலாங்கு மீனின் படுக்கை எனக் கேலியாகச் சொல்லப்படுவது உண்டு. அவ்வீடுகளில் சுபோனிவா எனப்படும் சிறு உள்முற்றங்கள் இக்குறையை ஓரளவு நீக்கின.

தளவமைப்பு

நிலத்தின் பரப்பளவு 57.3 சதுர மீட்டர். இரண்டு தளங்களினதும் மொத்தத் தளப்பரப்பு 64.7 சதுர மீட்டர். ஏறத்தாழ 14 மீட்டர் நீளமும் மூன்றரை மீட்டர் அளவு அகலமும் கொண்ட கட்டிடத்தை அண்டோ நீளவாட்டில் மூன்று சம பகுதிகளாகப் பிரித்து, நடுப்பகுதியைக் கூரையின்றித் திறந்த முற்றமாக விட்டார். இதனால் எந்த அறையும் ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமாக இல்லை. எல்லா முதன்மை அறைகளும் கண்ணாடிக் கதவுகளூடாக முற்றத்தையே நோக்குகின்றன. சிறிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுவது வீண்போலத் தோன்றினாலும், எஞ்சிய இரு பங்கும் வாழத்தக்கதாக இருப்பது அதனாலேயே ஆகும்.

தெருப்பக்கத்தில் சாளரங்கள் இல்லை. பூச்சுப் பூசப்படாத காங்கிறீட்டுச் சுவரில் வாயிலுக்கான ஒரு திறப்பு மட்டுமே காணப்படுகின்றது. தரைத்தளத்தில் முன்புறம் வசிப்பறையும், பின்புறம் சமையல், உணவுப் பகுதியும் குளியலறை, கழிப்பறை என்பனவும் உள்ளன. மேல்தளத்தில் முற்றத்தின் இருபுறமும் ஒவ்வொரு படுக்கையறை உண்டு. இவற்றை ஒரு திறந்த பாலம் இணைக்கின்றது. மேலே செல்லும் படிக்கட்டும் முற்றத்திலேயே அமைந்துள்ளது.

முற்றமும் விமர்சனங்களும்

கியோட்டோ வீடுகளில், முன்புறத்திலிருந்து பின்புறம் வரை கூரையுள்ள நடைபாதை ஒன்று பக்கவாட்டில் செல்லும். எனவே முற்றம் இருந்தாலும் நனையாமல் நடக்கலாம். சுமியோஷி வீட்டில் அத்தகைய பாதை இல்லை. மழை பெய்யும் இரவில் படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குச் செல்பவர் குடை பிடித்தே செல்ல வேண்டும். காங்கிறீட்டுச் சுவர்களால் குளிர்காலத்தில் வீடு மிகவும் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் மேலும் ஓர் உடையை அணிந்துகொள்ளும்படி உரிமையாளரிடம் தாம் சொன்னதாக அண்டோ பின்னர் குறிப்பிட்டுள்ளார்.

வசிப்பவரின் வசதியைக் கட்டிடக்கலைஞர் தமது கருத்துக்காகப் பலியிட்டுவிட்டார் என்பது இவ்வீட்டின் மீதான முக்கிய விமர்சனம் ஆகும். இது எளிதில் ஒதுக்கக்கூடியது அல்ல. முதியவர்களோ நோயாளிகளோ உள்ள குடும்பத்துக்கு இவ்வமைப்பு பொருந்தாது. ஆனால், முற்றத்துக்குக் கூரை இட்டால் இங்கே இயற்கைக்கு வேறு வழியே இராது. சாளரமற்ற வீட்டில் வெயில், காற்று, மழை, பருவ மாற்றம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு திறப்பின் ஊடாகவே வருகின்றன. உரிமையாளர் பல பத்தாண்டுகள் அவ்வீட்டிலேயே வாழ்ந்தார்.

கட்டிடக்கலைஞர்

1941 ஆம் ஆண்டில் ஒசாகாவில் பிறந்த அண்டோ, கட்டிடக்கலையை முறையாகக் கல்லூரியில் பயிலாதவர். இளமையில் குத்துச்சண்டை வீரராகவும் இருந்தார். 1969 இல் சொந்த அலுவலகத்தைத் தொடங்கினார். இவ்வீட்டுக்காக 1979 இல் ஜப்பான் கட்டிடக்கலை நிறுவகத்தின் பரிசும், பிற்காலத்தில், 1995 இல், பிரிட்ஸ்கர் பரிசும் அவருக்குக் கிடைத்தன. பிரிட்ஸ்கர் பரிசு அவரது மொத்தப் பணிக்காக வழங்கப்பட்டது ஆகும்.