நியூயார்க்கின் லாஃப்ட் சட்டம்

லாஃப்ட் சட்டம் என்பது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் 1982ஆம் ஆண்டில் இயற்றிய குடியிருப்புச் சட்டமாகும். நியூயார்க் நகரில் ஆலைகளுக்காகவும் கிடங்குகளுக்காகவும் கட்டப்பட்ட கட்டடங்களில், குடியிருக்க அனுமதி இல்லாத நிலையிலேயே பல்லாயிரம் பேர் வாடகைக்கு வாழ்ந்துவந்தனர். அவர்களுக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும் இடையே எழுந்த வழக்குகளுக்குத் தீர்வாக இச்சட்டம் வந்தது. வீடே சட்டவிரோதமானது என்றால், அதில் வாழ்பவருக்கு உரிமை உண்டா, அதற்கு வாடகை கேட்க உரிமையாளரால் முடியுமா என்ற இரு கேள்விகளே இதன் மையம்.

பெயர்

லாஃப்ட் என்றதும் தமிழர் வீடுகளில் பழைய பாத்திரங்களைப் போட்டுவைக்கும் பரண்தான் நினைவுக்கு வரும். நியூயார்க்கில் இச்சொல்லின் பொருள் வேறு. ஆலைக் கட்டடம் ஒன்றின் ஒரு மாடி முழுவதும், உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்டு, தடுப்புச் சுவர்கள் இல்லாத ஒரே கூடமாக இருப்பதையே அங்கு லாஃப்ட் என்பர். துணி தைக்கவும், அச்சடிக்கவும், சரக்கு அடுக்கவும் ஏற்ற அமைப்பு இது.

சட்டப் பின்னணி

19ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கிற்குக் குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள், காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசலான அடுக்குக் குடியிருப்புகளில் அடைந்து வாழ்ந்தனர். அவர்களின் அவலத்தை ஜேக்கப் ரீஸ் என்ற செய்தியாளர் புகைப்படங்களுடன் 1890இல் நூலாக வெளியிட்டார். பின்னர் 1901இல் கடுமையான சட்டம் ஒன்று வந்தது. அதன் இடத்தில் 1929இல் பல்குடியிருப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் தனித்தனியாக வாழும் கட்டடம் எதற்கும், அது வாழத் தகுந்தது என்று நகர நிர்வாகம் தரும் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. சான்றிதழ் இல்லாமல் குடிவைத்தால் உரிமையாளர் அந்தக் காலத்திற்கு வாடகை வசூலிக்க முடியாது என்கிறது இதன் 302ஆம் பிரிவு. தீயிலிருந்து தப்பிக்கும் வழி, சன்னல், கழிப்பறை ஆகியவற்றைச் செய்துதர உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் வழி இதுவே. பிற்காலத்தில் லாஃப்ட் வழக்குகள் பல இந்தப் பிரிவைச் சுற்றியே நடந்தன.

ஆலைக்குள் வீடு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மன்ஹாட்டனின் சிறு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அல்லது நகருக்கு வெளியே சென்றன. ஹூஸ்டன் தெருவுக்குத் தெற்கே உள்ள சோஹோ பகுதியில் வார்ப்பிரும்பு முகப்புக் கொண்ட கட்டடங்கள் பல காலியாயின. ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் பெரிய கூடமும் குறைந்த வாடகையும் தேவை. உரிமையாளர்களுக்கோ காலி மாடிக்கு யாராவது வந்தால் போதும் என்ற நிலை. ஆனால் அப்பகுதி தொழிலுக்காக ஒதுக்கப்பட்டது. அங்கு குடியிருப்பது விதிமீறல். எனவே ஒப்பந்தத்தில் 'தொழிற்கூடம்' என்று எழுதப்பட்டது. கலைஞர்கள் இரவில் அங்கேயே தூங்குவது இரு தரப்புக்கும் தெரியும்.

நகர அதிகாரிகள் வெளியேற்றத் தொடங்கியதும் கலைஞர்கள் சங்கம் அமைத்தனர். 1961இல் மேயர் ராபர்ட் வாக்னரின் நிர்வாகம் கலைஞர்கள் பதிவுசெய்துகொண்டு வாழலாம் என ஒப்புக்கொண்டது. எந்த மாடியில் ஆள் இருக்கிறார் என்று தீயணைப்பு வீரர்கள் அறிந்துகொள்வதற்காகக் கட்டடத்தின் வெளியே 'ஏ.ஐ.ஆர்.' என்ற பலகை மாட்டப்பட்டது. 1964இல் மாநிலச் சட்டமும், 1971இல் நகரின் மண்டல விதியும் திருத்தப்பட்டன. இச்சலுகைகள் யாவும் கலைஞர்களுக்கு மட்டுமே உரியவை. 1970களில் கலைஞர் அல்லாத பலரும் லாஃப்டுகளில் குடியேறினர். மன்ஹாட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் இவ்வழக்கம் பரவியது.

தகராறின் இயல்பு

வாடகைக்கு வந்தவருக்குக் கிடைத்தது வெறும் கூடம். தண்ணீர்க் குழாய், மின்கம்பி, குளியலறை, சமையலறை, வெப்பமூட்டும் கருவி ஆகியவற்றைப் பெரும்பாலும் அவரே சொந்தச் செலவில் அமைத்தார். பல ஆண்டு உழைப்பில் கூடம் வீடானது. ஒப்பந்தம் முடிந்ததும் உரிமையாளர் வாடகையைப் பன்மடங்கு உயர்த்தினார். அல்லது, 'இது தொழிற்கூடம், வீட்டு வாடகைப் பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தாது' என்று வெளியேறச் சொன்னார். உழைத்து அமைத்தவர் வெளியேற, அடுத்து வந்தவர் கூடுதல் வாடகை தந்து குடிபுகுந்தார்.

குடியிருந்தோர் 302ஆம் பிரிவைக் கையில் எடுத்தனர். சான்றிதழ் இல்லாததால் வாடகை தர வேண்டியதில்லை என்று சிலர் நிறுத்தினர். உரிமையாளர்களோ, தொழிலுக்கு என்று கையெழுத்திட்டவர் இப்போது வீடு என்று பேசலாமா என வாதிட்டனர். அவ்வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், குடியிருப்பதைத் தெரிந்தே பணம் வாங்கியவர், லாபம் வரும்போது மட்டும் விதியை நினைவுபடுத்துவது எப்படிச் சரியாகும் என்பது எதிர்வாதம். சட்டமன்றம் தலையிட வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

1982ஆம் ஆண்டுச் சட்டம்

பல்குடியிருப்புச் சட்டத்தில் 7-சி என்ற புதிய பகுதி சேர்க்கப்பட்டது. முன்பு தொழிலுக்கோ வணிகத்துக்கோ பயன்பட்ட ஒரு கட்டடத்தில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் 1980 ஏப்ரல் 1 முதல் வாழ்ந்து, 1981 டிசம்பர் 1 அன்றும் அங்கு இருந்திருந்தால், அது 'இடைக்காலப் பல்குடியிருப்பு' எனக் கருதப்படும். கலைஞரா இல்லையா என்று பார்க்கப்படாது. முக்கிய விதிகள் வருமாறு:

1. உரிமையாளர் கட்டடத்தைப் பதிவுசெய்து, குறித்த காலத்துக்குள் தீப் பாதுகாப்பு வசதிகளை அமைத்துச் சான்றிதழ் பெற வேண்டும்.
2. அந்த விதிகளைப் பின்பற்றி வரும் உரிமையாளர், சான்றிதழ் கிடைப்பதற்கு முன்பும் வாடகை பெறலாம்.
3. ஒப்பந்தம் முடிந்தது என்பதை மட்டும் காட்டிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது.
4. சீரமைப்புச் செலவில் ஒரு பங்கை வாடகை உயர்வாகப் பெறலாம்.
5. குடியிருப்பவர் தாம் செய்த மேம்பாடுகளை விற்கலாம்; அவற்றை முதலில் வாங்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு.

தகராறுகளை விசாரிக்க லாஃப்ட் வாரியம் அமைக்கப்பட்டது. காலக்கெடுக்கள் பலமுறை நீட்டிக்கப்பட்டதால் சில கட்டடங்கள் பல பத்தாண்டுகள் 'இடைக்கால' நிலையிலேயே நின்றன. புரூக்ளின் பகுதியின் பழைய ஆலைகளிலும் இதே சிக்கல் எழ, 2010இலும் 2019இலும் புதிய காலவரையறைகளுடன் சட்டம் விரிவாக்கப்பட்டது.

2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு

புரூக்ளினில் ஒரு லாஃப்டில் வாழ்ந்தவர் 2003 முதல் வாடகை தரவில்லை. கட்டட உரிமையாளர் லாஃப்ட் சட்டத்தின் காலக்கெடுவுக்குள் கட்டடத்தை முறைப்படுத்தவில்லை. வாடகையைக் கேட்க முடியாவிட்டாலும், வாடகை தராதவரை வெளியேற்றவாவது அனுமதிக்க வேண்டும் என்பது உரிமையாளரின் கோரிக்கை. மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் மறுத்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக உள்ளன; விளைவு விரும்பத்தகாதது என்றால் அதை மாற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்று அது கூறியது.

பாதுகாப்பும் இருப்பிடமும்

இத்தகைய வீடுகளில் வாழ்பவரின் இக்கட்டு வாடகையோடு முடிவதில்லை. ஆபத்தைப் பற்றிப் புகார் செய்தால் ஆய்வாளர் வருவார். ஆய்வில் முதலில் வெளியே போவது பெரும்பாலும் குடியிருப்பவரே. 2008 சனவரியில் புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில், யூதர்களின் பண்டிகை ரொட்டிக்கான தானியம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் தீ அபாயத்துடன் சேமிக்கப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது. மாடிகளில் வாழ்ந்த சுமார் 200 பேர் உறைபனிக் குளிரில் வெளியேற்றப்பட்டனர்.

புகார் செய்யாமல் இருப்பதன் விலை அதைவிடப் பெரிது. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், குடியிருக்க அனுமதியில்லாத ஒரு கிடங்கில் 2016 டிசம்பர் 2 இரவு இசை நிகழ்ச்சியின்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தனர். 2021 செப்டம்பரில் ஐடா புயலின் எச்சம் பெருமழையாகக் கொட்டியபோது நியூயார்க் நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் தரைக்குக் கீழுள்ள அடித்தள வீடுகளில் சிக்கியவர்கள். அவ்வீடுகளில் பெரும்பாலானவை அனுமதி பெறாதவை.

வரலாற்று முக்கியத்துவம்

விதிமீறிய வீடுகளைக் காலி செய்ய வைப்பது ஒரு வழி. கண்டும் காணாமல் விடுவது இன்னொரு வழி. முதலாவது வீட்டைப் பறிக்கிறது, இரண்டாவது உயிருக்கு உலை வைக்கிறது. லாஃப்ட் சட்டம் மூன்றாவது வழியை முயன்றது: குடியிருப்பவர் இருந்த இடத்திலேயே இருக்க, கட்டடத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் பொறுப்பை உரிமையாளரிடம் ஒப்படைத்தது. அதன் நடைமுறை தாமதமும் சிக்கலும் நிறைந்தது. சோஹோவில் தங்கள் உழைப்பால் மதிப்பைக் கூட்டிய கலைஞர்களில் பலரால் பின்னர் அங்கு வாடகை தந்து வாழ முடியாமல் போனதையும் அது தடுக்கவில்லை. ஆயினும், அனுமதி வாங்காத குற்றத்துக்கான தண்டனையைக் குடியிருப்பவர் மீது மட்டும் சுமத்தக் கூடாது என்ற கொள்கையைச் சட்டமாக்கிய முயற்சி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.