சுயேச்சைத் தொழில்நுட்ப ஆலோசனை

பொறியியல், மென்பொருள், வேதியியல், ஆற்றல் மேலாண்மை போன்ற துறைகளில் தேர்ந்த ஒருவர், எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு இராமல், தம் அறிவையும் அனுபவத்தையும் கட்டணத்துக்கு வழங்கும் தொழில். பேச்சுவழக்கில் இவரைக் கன்சல்டன்ட் என்றே சொல்கிறார்கள். ஒப்பந்ததாரர் வேலையை முடித்துக் கொடுக்கிறார். வியாபாரி பொருளைக் கொடுக்கிறார். ஆலோசகரோ எதைச் செய்யலாம், எதைச் செய்யவே வேண்டாம் என்று ஆதாரத்தோடு சொல்கிறார். தாம் சொல்லும் யோசனையால் அவருக்கு வேறு வழியில் ஒரு ரூபாயும் வரக்கூடாது. இத்தொழிலின் முதல் இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகே.

தோற்றம்

இத்தொழிலுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன் (1724–1792). வழக்கறிஞரின் மகன், லண்டனில் அறிவியல் கருவிகள் செய்யும் பட்டறை நடத்தியவர். நீர்ச்சக்கரம், காற்றாலை குறித்த சோதனைகளுக்காக 1759-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் பெற்றார். எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தை அவர் கட்டி முடித்ததும் அதே ஆண்டில்தான். அதன் பின் கால்வாய், துறைமுகம், பாலம், ஆலை என்று அழைப்புகள் வந்தன. இடத்தை நேரில் பார்ப்பார். வரைபடமும் மதிப்பீடும் சேர்த்து அறிக்கை எழுதித் தருவார். அன்றாட மேற்பார்வையை அங்கேயே தங்கும் பொறியாளரிடம் விட்டுவிடுவார். ஒரே சமயத்தில் பல வேலைகளை அவர் ஏற்க முடிந்தது இந்தப் பிரிவினையால்தான். 1771-இல் சக பொறியாளர்களோடு சேர்ந்து ஒரு சங்கத்தையும் தொடங்கினார். அவர் எழுதிய அறிக்கைகள் அவர் மறைவுக்குப் பிறகு நூலாக அச்சேறின.

இந்தியாவில் இதற்குப் பொருத்தமான முன்னோடி மோ. விசுவேசுவரய்யா. பம்பாய் அரசுப் பணியிலிருந்து தாமாக விலகியிருந்த வேளையில், 1908 செப்டம்பரில் மூசி நதி பெருக்கெடுத்து ஹைதராபாத்தைச் சூறையாடியது. நிஜாம் அரசு அவரை அழைத்தது. நகரத்துக்கு மேலே நீர்த்தேக்கங்கள் அமைத்து வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது அவர் கொடுத்த திட்டம்; உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அந்த யோசனையின் வழியே பின்னர் எழுந்தவை. 1909-இன் இறுதியில் அவர் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராகச் சென்றுவிட்டதால் இந்த ஆலோசகர் கட்டம் குறுகியது. ஆயினும் பயன் பெரியது. ஸ்மீட்டனின் சங்கத்தைப் போல நாட்டின் பொறியாளர்களுக்கான இந்தியப் பொறியாளர் கழகம் 1920-இல் பதிவு செய்யப்பட்டது சென்னையில்.

வேலையின் இயல்பு

ஆற்றல் தணிக்கையை எடுத்துக்கொண்டால் இத்தொழில் நன்றாகப் புரியும். 2001-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆற்றல் திறன் பணியகம், தேர்வு நடத்தி ஆற்றல் தணிக்கையாளர்களுக்குச் சான்று அளிக்கிறது. ஒரு நூற்பாலையோ வார்ப்பாலையோ 'காற்று பத்தவில்லை, இன்னொரு கம்ப்ரசர் வாங்கலாமா' என்று கேட்கிறது. தணிக்கையாளர் விடுமுறை நாளில் போகிறார். காற்றைப் பயன்படுத்தும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓட்டச் சொல்கிறார். அழுத்தம் ஏறியதும் அது சுமையில்லாமல் ஓடும். குழாய்களில் கசிவு இருந்தால் அழுத்தம் இறங்கி, மறுபடி சுமை ஏறும். ஸ்டாப்வாட்சில் இரண்டு நேரங்களையும் பலமுறை குறித்துச் சராசரி எடுக்கிறார். சுமையோடு 2 நிமிடம், சுமையின்றி 6 நிமிடம் என்றால், 8-இல் 2 பங்கு. அதாவது கம்ப்ரசரின் திறனில் 25 விழுக்காடு யாருக்கும் பயன்படாமல் கசிந்து போகிறது. பிறகு லைன் முழுக்க நடந்து, கசியும் இணைப்பு ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டுக் கட்டுகிறார். புது கம்ப்ரசர் வேண்டாம், முதலில் இவற்றை அடையுங்கள் என்று அறிக்கை போகிறது.

கம்ப்ரசர் விற்பவரிடம் அதே தணிக்கையாளர் கமிஷன் வாங்குபவராக இருந்தால், அந்த ஸ்டாப்வாட்ச் எதற்கும் உதவாது. கமிஷன் வாங்குவது பல ஊர்களில் சாதாரண வழக்கம் போலவே நடக்கிறது. கட்டணத்தைக் குறைத்துக் காட்ட அது வசதி. ஆனால் ஆலைக்காரர் ஒருநாள் அதை அறியத்தான் போகிறார். அறிந்தபின் முந்தைய அறிக்கைகள் எல்லாமே அவருக்குச் சந்தேகமாகிவிடும்.

தொடக்கம்

முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் பழைய அலுவலகம், அல்லது அங்கிருந்து வேறிடம் போன சக ஊழியர். ஆகவே வேலையை விடும் விதமும் தொழிலின் பகுதி. வேலையை விட்டபின் அதே துறையில் தொழில் செய்யக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் அஞ்சுகிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, பணி முடிந்த பிறகும் தொழிலைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. ஆனால் முன்னாள் நிறுவனத்தின் ரகசியங்களை எடுத்துச் செல்ல அது அனுமதி ஆகாது.

எல்லாம் செய்வேன் என்பவரை யாருக்கும் நினைவிருப்பதில்லை. சாயப்பட்டறைக் கழிவுநீர், பழைய கட்டடத்தின் தாங்குதிறன், தரவுத்தள வேகம் என்று ஒரு குறுகிய பிரச்சினையின் பெயரோடு ஒருவர் பெயர் ஒட்டிக்கொள்ளும்போதுதான் வேலை தானாக வருகிறது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; ஒரு பக்கக் கடிதமே போதும். எத்தனை முறை நேரில் வருவது, வாடிக்கையாளர் என்னென்ன தரவு தர வேண்டும், அறிக்கையை எத்தனை முறை திருத்தித் தருவது, அட்வான்ஸ் எவ்வளவு என்பவை அதில் வர வேண்டும். 'சும்மா ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க சார்' என்பதில் தொடங்கும் கூடுதல் வேலைதான் இத்தொழிலில் அதிக வருமானத்தைத் தின்பது. மென்பொருள் ஆலோசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் பணியில் எழுதும் நிரல் முதலாளிக்குச் சேரும். சுயேச்சையாக எழுதுபவரின் நிரல், எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காதவரை அவருடையதே. மாற்றிக் கொடுக்கும்போது கால அளவு குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும்.

கட்டணம்

பழைய சம்பளத்தை வேலைநாட்களால் வகுத்து நாள் கட்டணம் சொல்வதே புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை. ஆண்டின் 365 நாளில் வார விடுமுறை, பண்டிகை, உடல்நலக் குறைவு போக 230 நாள் மிஞ்சும் என வைத்துக்கொள்வோம். கொட்டேஷன் எழுதுவது, பில்லுக்கு அலைவது, புதிதாகப் படிப்பது எல்லாம் அதில் பாதியை எடுத்துக்கொண்டால், காசு வரும் நாள் ஏறத்தாழ 120. குடும்பத்துக்கு 18 லட்சமும் தொழில் செலவுக்கு 6 லட்சமும் வேண்டுமென்றால் நாளுக்கு 20,000 ரூபாய். சம்பளக் கணக்கில் வரும் தொகைக்கு இது எங்கேயோ மேலே நிற்கும்; கேட்கக் கூச்சமாகவும் இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முழு வேலைக்கும் ஒரே தொகை, மாதாந்தர ரிடெய்னர், மிச்சமாகும் பணத்தில் பங்கு என்ற முறைகளும் உண்டு. கடைசியில் சொன்னது கேட்க இனிக்கும். எது மிச்சம், எந்த ஆண்டோடு ஒப்பிடுவது என்ற தகராறில் முடியாமலிருக்க, அளக்கும் முறையை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

வரியும் வசூலும்

இந்தியாவில் சேவைக்கான ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால், பெரும்பாலான மாநிலங்களில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். விகிதம் பொதுவாக 18 விழுக்காடு. நிறுவனங்கள் கட்டணத்தில் டிடிஎஸ் என்னும் வருமான வரிப் பிடித்தத்தைப் பிடித்துக்கொண்டே தரும். அனுமான வருமான முறை சிறு ஆலோசகருக்குப் பெரிய உதவி: பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை முதலிய தொழில்களில் வரவில் 50 விழுக்காட்டை வருமானமாகக் காட்டிவிட்டால் விரிவான கணக்குப் புத்தகம் தேவையில்லை. வரவு வரம்பு 50 லட்சம். ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் 75 லட்சம். கம்பெனிக்கோ எல்எல்பிக்கோ இது பொருந்தாது.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். பதிவு செய்த சிறு சேவை நிறுவனத்துக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மும்மடங்கில் கூட்டு வட்டி. நடைமுறையில் ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருப்பவர் இந்தச் சட்டத்தைத் தொடவே மாட்டார். மூன்று நான்கு வாடிக்கையாளர் இருந்தால்தான் சட்டமும் கைகொடுக்கிறது.

வளர்ச்சி

கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ் (1924–2022) பஞ்சாப் பொதுப்பணித் துறையில் சண்டிகர் கட்டடங்களில் பணியாற்றி, நியூயார்க்கில் வேலை பார்த்துத் திரும்பி, 1960-இல் சொந்த ஆலோசனை அலுவலகம் தொடங்கினார். பாலகிருஷ்ண தோஷி, சார்லஸ் கொரியா, ராஜ் ரேவல் போன்ற கட்டடக் கலைஞர்களோடு திரும்பத் திரும்ப வேலை செய்தே வளர்ந்தார். தில்லியில் 1972-இல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சிக் கூடத்தின் கான்கிரீட் கூண்டு அப்படிப்பட்ட கூட்டு உழைப்பு. 2017-இல் அதை இடித்தது பெரும் இழப்பு. புதிய முகங்களைத் தேடி ஓடுவதை விட, ஒரு சிலரிடம் மறுமுறை அழைப்புப் பெறுவதே இத்தொழிலின் இயல்பான வளர்ச்சி.

வேலை பெருகும்போது உதவியாளர்களைச் சேர்ப்பதோ, வேறு சுயேச்சை ஆலோசகர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதோ நடக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் காசு கொடுத்தது ஒருவரின் கண்ணுக்காக. தளத்துக்கு வேறொருவர் போனால், தம் பெயரில் கையெழுத்திடுபவர் அந்த அளவீடுகளைத் தாமே சரிபார்த்தாக வேண்டும். தவறான வடிவமைப்பால் நேரும் நட்டத்துக்கு ஈடு தரும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டை இந்தக் கட்டத்திலாவது எடுத்துவிடுவது நல்லது. பெரிய நிறுவனங்களில் சில இது இல்லாமல் ஆர்டரே தருவதில்லை.