தணல் சொல்லும் சரித்திரம்

சித்திரை பிறந்து வெயில் கொஞ்சம் முகம் காட்டினால் போதும், லாங்கன்தாலில் எங்கட சனம் கிறிலை வெளியில எடுத்துவிடும். இறைச்சி முதல்நாளே உப்பும் தூளும் பிரட்டி ஆயத்தமாக இருக்கும். ஆனால் கரியைக் கொட்டி, பற்றவைக்கிற எண்ணெயை ஊற்றி, சுவாலை எழும்பின உடனே இறைச்சியை வைத்தால் வெளியே கருகும், உள்ளே பச்சையாய் இருக்கும், எண்ணெய் மணமும் ஏறிவிடும். பிறகு, "காஸ் கிறில்தான் நல்லது" என்று கதை வரும். பிழை கரியில் இல்லை. எங்கட அவசரத்தில்தான் இருக்கிறது.

சுட்ட இறைச்சி எங்களுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையை முடத்தாமக்கண்ணியார் கரிகால் சோழன் மேல் பாடினார். பசியோடு வந்த கலைஞர்களுக்கு அரசன் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைக் கொடுக்கிறான். சூடு தாங்காமல் வாயின் இரு பக்கமும் மாற்றி மாற்றி அவர்கள் தின்றார்களாம். இரவு பகலாய்த் தின்று பல்லே தேய்ந்து போயிற்றாம்! ஏட்டில் கிடந்த பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889இல் அச்சேற்றினார். அதனால்தான் அந்த விருந்து இன்றைக்கும் எங்களுக்குத் தெரிகிறது.

அந்த ருசி எங்கிருந்து வருகிறது? காற்றுப் போதாமல் வெந்த விறகுதான் கரி. விறகின் ஈரமும் புகையும் முதலே போய்விடுவதால் கரிக்கென்று பெரிய மணம் கிடையாது. கடும் சூட்டில் இறைச்சி பொன்னிறமாகும்போது புதுச் சுவைகள் உண்டாகின்றன. இந்த மாற்றத்தை 1912இல் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். மற்றது, உருகும் கொழுப்பு தணலில் சொட்டி, அந்தப் புகை மேலெழுந்து இறைச்சியில் படிகிறது. இரண்டுக்கும் தணல் வேண்டும், சுவாலை கூடாது. கரியின் மேல் வெண்சாம்பல் பூக்கும்வரை பொறுக்க வேண்டும். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, அதற்கு மேலே முதலில் சிவக்க வைத்து, பிறகு தணல் இல்லாத பக்கத்துக்கு மாற்றி மூடிவிட்டால் உள்ளேயும் பதமாக வேகும்.

இந்தப் பொறுமை எங்கட தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. 2002இல் தடை தளரும்வரை விறகும் கரியும்தான் கைகொடுத்தன. சிரட்டையை எரித்து, புகை அடங்கும் நேரம் பார்த்து மூடிக் கரியாக்குவார்கள். பள்ளிக்கூடச் சட்டைக்கு அயன் பண்ணியதும் அந்தக் கரிதான். இறைச்சி அருமையாயிருந்த வீட்டில் தணலில் சுட்ட கருவாடே விருந்து. நானும் அப்படி வளர்ந்த பிள்ளைதான். இன்றைக்கு அதே சிரட்டைக் கரியைக் கட்டிகளாக்கி ஐரோப்பியக் கடைகளில் கிறிலுக்கென்று விற்கிறார்கள்.

எங்களுக்குக் கிட்டவும் கரி சுடுபவர்கள் இருக்கிறார்கள். லுசேர்ன் மாநிலத்தின் என்ட்லெபூக் பகுதியில் உள்ள றோமூஸ் கிராமம் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர். அங்கே விவசாயிகள் விறகை வட்டக் கும்பமாக அடுக்கி, ஊசியிலைக் கிளைகளாலும் கரித்தூளாலும் மூடி, நடுத்துவாரத்தால் நெருப்பிடுகிறார்கள். கும்பம் எரிந்துவிடாதபடி இரவும் பகலும் நாட்கணக்காய்க் காவல் இருக்க வேண்டும். புகையின் நிறத்தைப் பார்த்தே பதம் அறிவார்கள். அந்தக் கரி கிறிலுக்குத்தான் போகிறது. இந்தத் தொழிலை சுவிஸ் தனது வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்துக் காக்கிறது.

எங்கட சிரட்டைக் கரியை யார் பட்டியலில் சேர்ப்பது? அதைச் செய்த கைகள் முதுமை அடைந்துவிட்டன. இங்கே பிறந்த பிள்ளையளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. ஆகவே உறவுகளே, இந்தக் கோடையில் கரி தணலாகும் வரைக்கும் கிடைக்கிற அரைமணி நேரத்தில் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள்: சிரட்டையை எப்படி அடுக்கினீர்கள், எப்போது மூடினீர்கள், தடைக் காலத்தில் எதைச் சுட்டுத் தந்தீர்கள் என்று. பிள்ளையளையும் பக்கத்தில் இருத்தி, சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.