மதுவிலக்கு (இஸ்லாம்)

மதுவிலக்கு, இஸ்லாமிய ஷரீஅத் (மார்க்கச் சட்டம்) ஹராம் (விலக்கப்பட்டது) என்று விதித்த தடைகளுள் முதன்மையான ஒன்று. போதை தரும் பானத்தை அருந்துவதோடு, அதைக் காய்ச்சுவது, சுமப்பது, விற்பது, பரிமாறுவது ஆகியவையும் இத்தடையில் அடங்கும்.

தடை வந்த முறை

இஸ்லாத்துக்கு முந்தைய அரபு வாழ்வில் விருந்து, கவிதை, வணிகம் மூன்றிலும் மது ஊறியிருந்தது. குர்ஆன் அதைப் படிப்படியாகவே விலக்கியது. மக்காவில் அருளப்பட்ட 16:67 (அத்தியாயம் 16, வசனம் 67), பேரீச்சை, திராட்சையிலிருந்து மக்கள் பெறும் போதைப்பொருளையும் நல்ல உணவையும் வேறு வேறாகக் குறிப்பிட்டது. மதீனாவில் அருளப்பட்ட 2:219, மதுவிலும் சூதிலும் உள்ள பயனைவிடப் பாவமே பெரிது என்றது. அடுத்து 4:43, போதையோடு தொழுகையை நெருங்குவதைத் தடுத்தது. ஐவேளைத் தொழுகையால் குடிக்கக் கிடைத்த நேரம் தானே சுருங்கியது. இறுதியில் 5:90-91 வசனங்கள் முழுத்தடை விதித்தன. அறிவிப்பைக் கேட்டதும் மக்கள் மதுவைக் கொட்ட, அது மதீனாவின் தெருக்களில் ஓடியதாக நபித்தோழர் அனஸ் பின் மாலிக் அறிவிக்கிறார்.

ஆன்மிக நோக்கம்

தடைக்கான காரணத்தை 5:91 வசனமே சொல்கிறது: மதுவாலும் சூதாலும் மனிதரிடையே பகையும் வெறுப்பும் மூள்கின்றன, இறைநினைவும் தொழுகையும் தடைபடுகின்றன. சக மனிதரோடும் இறைவனோடும் உள்ள உறவு ஒருசேரக் காக்கப்பட வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. தொழுபவர் தாம் ஓதுவதை உணர்ந்து ஓத வேண்டும் என்கிறது 4:43. ஆகவே தெளிந்த அறிவில்லாமல் வணக்கம் நிறைவு பெறாது. ஷரீஅத் காக்கும் ஐந்தாக மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், செல்வம் ஆகியவற்றை இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) வகுத்தார். மதுத்தடை அறிவைக் காக்கும் அரணாக அதில் இடம்பெறுகிறது.

சட்ட விளக்கம்

மிகுதியாக அருந்தினால் போதை தரும் பானத்தில் சிறிதளவும் ஹராம் என்பது நபிமொழி. திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றிலிருந்து செய்த பானங்கள் குறித்துத் ஹனஃபி சட்டப்பள்ளியின் தொடக்கக்கால அறிஞர் சிலர் மாறுபட்டனர். தானாகவே புளித்துக் காடியாக மாறிய மது ஹலால் (அனுமதிக்கப்பட்டது). உணவு தொண்டையில் சிக்கி, தண்ணீரும் இல்லாதபோது உயிர்காக்க ஒரு மிடறு அருந்தப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கின்றனர்.

தடைக்கு முன் அருந்தியவர்கள் மீது குற்றமில்லை என 5:93 தெளிவாக்கியது. குடித்துத் தண்டனை பெற்ற ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, நபிகள் நாயகம் அதைத் தடுத்தார். தண்டனை பெற்றவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார். குற்றத்தை வெறுக்கும் இச்சட்டம், குற்றவாளி தவ்பா (பாவமன்னிப்புக் கோருதல்) செய்து திரும்பும் வாசலை மூடுவதில்லை.