பச்சைப் புத்தகமும் இருபது சென்னும்

சுற்றுச்சூழல் பேச்செல்லாம் பரவலாவதற்கு முன்பே, நம் சமையலறையைப் பச்சையாக்கச் சொல்லி அரசாங்கம் ஒருமுறை கேட்டிருக்கிறது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் உலகமெங்கும் விலை ஏறியது. 1974-இல் மலேசியாவின் பணவீக்கம் 17 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த ஆண்டுதான் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கினார். சும்மா கிடக்கும் நிலத்தில் காய்கறி போடுங்கள், கோழி வளருங்கள், மீன் வளருங்கள். பூமியைக் காப்பாற்ற அல்ல, சந்தைக்குப் போகும் காசை மிச்சம் பிடிக்க.

தோட்டத்து ஆட்களிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். லயத்துக்குப் பின்னால் ஏற்கெனவே முருங்கை நின்றது. வெண்டி, கத்தரி, பசலை, கொல்லையோரம் மரவள்ளி, கொஞ்சம் தள்ளி மாட்டுக்கொட்டகை. சாணி செடிக்கு, சோற்று மிச்சம் கோழிக்கு. எண்ணெய் வாங்கப் போகிறவர் கையில் கழுவிய போத்தல் இருக்கும். கோப்பிக் கடையில் கட்டிக்கொண்டு போகிற கோப்பி, கயிறு கட்டிய காலி பால் டின்னில் வரும். அந்த டின்னுக்கும் அதற்குப் பிறகு இரண்டு மூன்று வேலை பாக்கியிருக்கும்.

இந்த இடத்தில் யாராவது "பாருங்க, அந்தக் காலத்துல எவ்ளோ இயற்கையா வாழ்ந்தாங்க" என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். போத்தலைக் கழுவி வைத்தது சம்பளம் போதாததால். அதைவிடக் கசப்பான நினைவும் அந்தக் கொல்லையில் இருந்தது. போருக்கு முன் மலாயா தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அது முடங்கியதும் ஊரே மரவள்ளிக்கு மாறியது. சில இடங்களில் ரப்பர் மரத்தையே வெட்டிவிட்டுக் கிழங்கு நட்டார்கள். 'உள்ளூர் உணவு' என்று இன்று நாம் ஆசையாகச் சொல்வதை, வேறு வழியில்லாமல் மூன்றரை ஆண்டுகள் தின்றவர்கள் அவர்கள். அந்தக் கிழங்கை மறுபடி தொட மாட்டேன் என்று சொன்ன கிழவிகள் பல வீடுகளில் இருந்தார்கள். அவர்களிடம் போய் 'பசுமை வாழ்வு' பற்றிப் பேச எனக்குத் தைரியம் வராது.

ஆனாலும் ஏழ்மையோடு கூடவே ஒரு துண்டு மண்ணும் இருந்தது. அதுதான் போனது. புத்ராஜெயா இன்று நிற்கும் இடத்தில் பிராங் புசார், செட்ஜ்லி, கேலவே, மேடிங்லி என்று ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நிர்வாகத் தலைநகர் வந்ததும் அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போயின. புத்ராஜெயாவைத் 'தோட்ட நகரம்' என்றுதான் திட்டமிட்டார்கள். நிஜமான தோட்டத்து ஆள் அதன் வெளியே, மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். மாட்டை மாடிக்கு ஏற்ற முடியுமா? முருங்கையைப் பிடுங்கி வந்து எங்கே நடுவது? மற்றத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் கதை ஏறக்குறைய இதேதான். அதுவரை பறித்துக்கொண்டிருந்த கீரையைப் பேரங்காடியில் பிளாஸ்டிக்கில் சுற்றி வாங்க வேண்டியிருந்தது.

2009 ஜூலையில் பினாங்கு மாநிலம், திங்கட்கிழமைகளில் இலவச பிளாஸ்டிக் பை இல்லை என்றது. 2011-இல் எல்லா நாளுக்கும் அதே விதி வந்தது. வேண்டுமானால் அப்போது 20 சென். வசூலான பணம் வறுமை ஒழிப்பு நிதிக்குப் போனது. சிலாங்கூரில் 2017-இல் வந்தது. விதி தவறு என்று சொல்ல வரவில்லை, நானும் துணிப்பையோடுதான் போகிறேன். ஆனால் 1974-இல் அரசாங்கம் குடும்பத்திடம் நடச் சொன்னது, இப்போது கட்டச் சொல்கிறது. இடையில் நிலம் யார் கைக்குப் போனது என்பதை எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியும் சொல்வதில்லை. துணிப்பைக்குள் போகிற கீரைக்கட்டே பிளாஸ்டிக்கில்தான் வருகிறது. அதைச் சுற்றி அனுப்பியவரிடம் யாரும் 20 சென் கேட்கவில்லை. காசாளர் கேட்பது என்னமோ அக்காவிடம்தான்: "பை வேணுமா?"

அக்கா சில நாள் வேணும் என்கிறார். காசு கொடுத்து வாங்கிய பையைத் தூக்கிப் போட மனசு வராது, அது குப்பைக்கூடைக்குள் போகும். முன்பு பால் டின்னுக்கு இருந்த மரியாதை இப்போது அந்தப் பைக்கு.

மலிவு அடுக்குமாடிகளின் தாழ்வாரத்தில் நடந்து பாருங்கள். பெயின்ட் வாளியில் கருவேப்பிலை, உடைந்த துணிக்கூடையில் பசலை, பழைய அரிசிச் சாக்கில் மிளகாய். சில மாடிகளில் ஒரு வாளிக் கருவேப்பிலைதான் வரிசை முழுவதற்கும். கேட்டுவிட்டுப் பறிக்கிறவர்களும் உண்டு, கேட்காமல் பறிக்கிறவர்களும் உண்டு.