ஒப்பந்தப்புள்ளி

மாநகராட்சி அறிவிப்பில் 'ஒப்பந்தப்புள்ளி' என்று அச்சாகும். டீக்கடைப் பேச்சில் அது 'டெண்டர்' தான். இங்கே வரும் புள்ளி கோலப்புள்ளி அல்ல. கணக்கு, எண் என்ற பொருள். புள்ளிவிவரத்தில் வரும் அதே புள்ளி. சாலை போடவோ குப்பை அள்ளவோ இன்ன தொகைக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுக்கும் கணக்கு அது. பெரும்புள்ளிகளே அதைப் பெறுகிறார்கள் என்பது ஊரார் சொல்லும் வேறு இலக்கணம்.

டெண்டரின் லத்தீன் வேர் 'நீட்டு' என்று பொருள்படும்: கை நீட்டிக் கொடுப்பது. பொருளில் இதற்கு நெருக்கமான 'ஏலம்' என்ற சொல், போர்ச்சுகீசியர் விட்டுச்சென்றது. ஏலத்தில் தொகையை எல்லாரும் கேட்கலாம், புள்ளியோ உறைக்குள் ஒளிந்திருக்கும்.

இலங்கையில் ஒப்பந்தப்புள்ளிக்குக் 'கேள்விப்பத்திரம்' என்று பெயர். தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டமே 1998இல் வந்தது.